மூன்று படி ஏணி

ஏணிக்கு ஓர் அலமாரி.
அலமாரிக்கு ஒரு பூட்டு.
பூட்டின் சாவி கார்டிஃபில்,
யாரோ ஒருவரின் மேசையில், இரண்டாவது இழுப்பறையில்.
ஏணி என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள்.
மூன்றே படி. என் இடுப்பு உயரம்.

ஏணிப் பயிற்சி ஆண்டுக்கு ஒருமுறை.
போன ஆண்டு பயிற்றுநருக்கு முதுகுவலி,
அதற்கு முந்திய ஆண்டு பனி.
ஆகவே இந்தப் பள்ளத்தாக்கில்
ஏணி ஏறத் தெரிந்தவர்
சட்டப்படி எவருமில்லை.

மேல் தட்டு இப்படித்தான் எங்களை விட்டுப் போனது.
நிலவியல், வானியல், கொஞ்சம் தேனீ வளர்ப்பு.
கீழே இறக்கிவிடலாமே என்று எழுதிக் கேட்டேன்.
தரையில் வைத்தால் கால் இடறும்.
பெட்டியில் வைத்தால் எடை கூடும்.
எடை கூடினால் இருவர் தூக்க வேண்டும்.
செவ்வாயும் வியாழனும் நான் ஒருத்தி.
மற்ற நாள்களில் நூலகமே இல்லை.

வாசலில் ஒரு மஞ்சள் பலகை:
தரை ஈரம், கவனம்.
மழைக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் இது,
பலகை அங்கேயே குடித்தனம்.
ஐந்து ஆண்டில் ஈரத்தில் வழுக்கியவர் யாருமில்லை.
பலகை தடுக்கி விழுந்தவர் இருவர்.
அதையும் படிவத்தில் எழுதினேன்.
இன்னொரு பலகை அனுப்பினார்கள்.

எம்ரிஸ் ப்ரோத்தரோ வந்தார்,
தொப்பி நிறைய மழையோடு.
கேட்டது, மேல் தட்டில் இடமிருந்து நான்காவது,
இந்த மலையின் பாறை அடுக்குகளைப் பற்றிய தடித்த நூல்.
கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்கு எட்டவில்லை.
பதினாறு வயதில் கூண்டில் நின்று
ஆயிரத்து இருநூறு அடி
நிலக்கரிக்குள் இறங்கியவர்.
மூன்று படி மேலே ஏற அனுமதியில்லை என்று
அவரிடம் நான் சொன்னேன்.
சுவரில் ஒட்டிய தாளைக் காட்டினேன்.
சிரிப்பார் என்று காத்திருந்தேன்.
சேர்ந்து சிரித்தால் வெட்கம் பாதியாகும்.

அவர் சிரிக்கவில்லை.
கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு
பதினேழு விதியையும் படித்தார்,
அடிக்குறிப்பு வரை.
‘எங்களுக்கும் ஒரு தாள் இருந்தது’ என்றார்.
‘விளக்கறைச் சுவரில். கரி படிந்து எழுத்தே தெரியாது.
எவனும் துடைக்கவில்லை.
ஒருத்தன் துடைத்திருந்தால் என் அண்ணன் ஹவெல்...’
அங்கே நிறுத்திவிட்டார்.
ஒரு தேநீர் கொடுத்திருக்கலாம்.
சூடான பானம், விதி ஒன்பது.

அப்போதுதான் நாளிதழ் மேசையிலிருந்து எலுனெட் எழுந்தாள்.
இந்த விதிகளைப் பெற்றவளே அவள்தான்.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவள்.
தொண்ணூற்று நான்கில் பழைய மர ஏணியிலிருந்து
இரண்டு கலைக்களஞ்சியங்களைக் கட்டிக்கொண்டு விழுந்தவள்.
இடுப்பில் எஃகு.
தாளின் கடைசி வரியில் பெயரில்லாமல்
‘முன்னர் நேர்ந்த விபத்து’ என்று இருப்பாள்.

முன்னர் நேர்ந்த விபத்து
டொக் டொக்கென்று நடந்து வந்தது.
கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்தது.
ஆப்பிள் கிளைக்குத் துரட்டி போடுவதுபோல
வளைந்த பிடியை உயர்த்தி
நூலின் முதுகில் மாட்டி ஓர் இழு இழுத்தது.

எம்ரிஸின் இரு கைகளுக்குள்
ஆறு ஆண்டுத் தூசியோடு வந்து விழுந்தது மலை.
மூவரும் தும்மினோம்.

படிவம் நிரப்பினேன்.
எவரேனும் ஏறினார்களா? இல்லை.
பளு தூக்கினார்களா? இல்லை.
காயம்? தும்மல், மூன்று.
அனுப்பியும் விட்டேன். நேர்மை எனக்கு ஒரு வியாதி.

அடுத்த மாதம் விதி பதினெட்டு வந்தது:
கைத்தடிகள் நடப்பதற்கு மட்டும்.
எலுனெட் இரண்டு முறை படித்தாள்.
‘எழுத்துப் பிழை இல்லை’ என்றாள்.

நூலைத் திருப்பித் தர எம்ரிஸ் வந்தார்.
வாங்கலாம். ஆனால் மேல் தட்டில் வைப்பது யார்?
அதனால் தவணையை நீட்டித்துக்கொண்டே இருக்கிறேன்,
இது பதினோராவது முறை.
பாறைக்கு என்ன அவசரம் என்கிறார் அவர்.
முத்திரை குத்தத் திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்,
பக்க அடையாளத்துக்கு வைத்த பேருந்துச் சீட்டு
நூற்று நாற்பதாம் பக்கத்திலேயே இருக்கிறது.
ஆயிரத்து இருநூறு அடியில்
என்ன அடுக்கு என்று சொல்லும் பக்கம்.